உழைச்செல்பவள்

சென்ற மாதம் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 95ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம், இடம் என்று பொருள். ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும் உருபுகளில் ஒன்றாக நன்னூல் இதைச் சேர்த்திருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் செல்பவன் உழைச்செல்வான் என்று விளக்கிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போகவிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“அப்படின்னா நர்ஸா சார்? எங்க அக்கா நர்ஸிங் படிக்கிறா.”

ஆமாம் என்றேன். நாம் இன்று செவிலியர் என்கிறோம். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். நோய்ப்படுக்கையோடு அவளுக்குத் தொழில்முறை உறவு ஏதும் இல்லை. பழைய சொல்லுக்கு நாம் புதிய வேலை கொடுத்திருக்கிறோம். வள்ளுவரின் சொல்லோ அந்த வேலையையே பெயராகக் கொண்டது. அருகில் போவதுதான் அந்த வேலை. இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். சொல்ல முடியாமல் போன ஒன்று உண்டு. இருபதாண்டுகளாக நான் நடத்தி வரும் இந்தச் சொல்லுக்குப் பொருளாக என் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள் என்பதையும், அவளுக்கு அருகில் போக ஒரு வாரம் நான் அஞ்சினேன் என்பதையும் இங்கேதான் எழுத முடியும் என்று தோன்றுகிறது.

*

என் தங்கை செவிலியர் பயிற்சி முடித்து நாகர்கோவிலில் சில காலம் வேலை பார்த்தாள். பிறகு இங்கிலாந்துக்குப் போய் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தாள். எங்கள் மாவட்டத்தில் இது புதுமையல்ல. வீட்டுக்கு ஒரு செவிலி வெளிநாட்டில் இருக்கும் தெருக்கள் இங்குண்டு. வளைகுடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வரும் அந்தப் பணத்தில் கட்டிய வீடுகளை வெளிப்பூச்சைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். அவளும் அப்படித்தான் போனாள், அப்படித்தான் பணம் அனுப்பினாள்.

2014 நவம்பரில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தாள். சியரா லியோனுக்குப் போவதாகச் சொன்னாள். எபோலா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள விருப்பமுள்ள செவிலியரை இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை கேட்டிருந்தது. இவள் பெயர் கொடுத்திருந்தாள். ஆறு வாரப் பணி. போவதற்கு முன் யார்க் நகருக்கு அருகே இராணுவ மருத்துவப் பயிற்சி மையத்தில் மாதிரிச் சிகிச்சைக்கூடம் ஒன்றை அமைத்துப் பழக்குகிறார்கள் என்றாள்.

அந்த ஆண்டு நாளிதழ் படித்தவர்களுக்கு எபோலா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கினியாவின் காட்டோரக் கிராமம் ஒன்றில் 2013 டிசம்பரில் தொடங்கிய தொற்று, சியரா லியோன், லைபீரியா என்று பரவி, 2014 ஆகஸ்டில் உலக நலவாழ்வு அமைப்பு சர்வதேச அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போயிருந்தது. முடிவில் கணக்குப் பார்த்தபோது 28,600 பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது. 11,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சியரா லியோனில் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர். நோய்க்கென உறுதிப்பட்ட மருந்து அப்போது கிடையாது, தடுப்பூசியும் கிடையாது.

“அங்க போறதுக்கு வேற ஆளே கெடையாதா?” என்று கேட்டேன்.

“இருக்காவ அண்ணே. அவியதான் செத்துட்டு இருக்காவ” என்றாள்.

அது வெறும் பேச்சல்ல என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கெனிமா நகர அரசு மருத்துவமனையில் லாசா காய்ச்சலுக்கென்று பல்லாண்டுகளாகத் தனிப் பிரிவு இருந்தது. எபோலா வந்தபோது அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று அந்த நாட்டில் இருந்தது அவர்கள்தான். அதன் தலைவராயிருந்த மருத்துவர் ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29 அன்று எபோலாவால் இறந்தார். அந்தப் பிரிவின் தலைமைச் செவிலி எம்பாலு ஃபோனி அவருக்கு முன்பே அதே மாதம் இறந்திருந்தார். அந்த வைரஸின் மரபணுவை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் 2014 ஆகஸ்டில் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் ஐந்து பேர், கட்டுரை அச்சாகும் முன் அதே நோய்க்குப் பலியாகியிருந்தனர். கான், ஃபோனி இருவரும் அந்த ஐவரில் அடக்கம். 2014 தொடக்கத்திலிருந்து 2015 மார்ச் வரை மூன்று நாடுகளிலும் 815 மருத்துவப் பணியாளர்களுக்கு எபோலா கண்டதாக உலக நலவாழ்வு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேல் செவிலியரும் செவிலியர் உதவியாளர்களும். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். வாந்தியைத் துடைப்பவரும் தண்ணீர் புகட்டுபவரும் வேறு. வைரஸுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

அம்மாவிடம் ஆப்பிரிக்காவில் ஒரு முகாம் என்று மட்டும் சொன்னோம்.

*

அவள் வேலை பார்த்தது தலைநகர் ஃப்ரீடவுனுக்கு வெளியே அமைந்த சிகிச்சை மையம் ஒன்றில். அங்கிருந்து வாரம் ஒருமுறை பேசுவாள். பேச்சில் வீரம் எதுவும் இருக்காது. பெரும்பாலும் வியர்வையைப் பற்றித்தான் சொல்வாள்.

உள்ளே போகும் முன் உடை அணிய இருபது நிமிடம் ஆகும். ரப்பர் காலணி, முழு உடல் அங்கி, தலைமூடி, முகக்கவசம், கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை, அதற்கு மேல் தடித்த முன்றானைத் துணி. தோல் ஓர் இடத்திலும் தெரியக்கூடாது. ஒருவர் மற்றவரைச் சுற்றி வந்து சரிபார்ப்பார். பெயரையும் உள்ளே போகும் நேரத்தையும் முன்றானையில் பேனாவால் எழுதிவிடுவார்கள். உடை எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதால் வேறு எப்படியும் அடையாளம் தெரியாது. அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. வெளியே வரும்போது காலணிக்குள் வியர்வை தளும்பும். கழற்றும் நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்றாள். குளோரின் நீரைத் தெளித்தபடி ஒருவர் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு மணி நேரம் எச்சரிக்கையாக இருந்துவிட்டு, களைப்பில் ஒரு நொடி புறங்கையால் நெற்றியைத் துடைத்தால் போதும்.

உள்ளே போன காகிதம் வெளியே வராது. நோயாளியின் குறிப்புகளை வேலிக்கு உள்ளே நின்று உரக்கப் படிப்பார்கள்; வெளியே நிற்பவர் எழுதிக்கொள்வார். செய்ய முடிந்த சிகிச்சையும் எளியதுதான். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை மிடறு மிடறாகப் புகட்டுவது, முடிந்தவர்களுக்கு நரம்பு வழியாக நீரேற்றுவது, காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை, சுத்தம் செய்வது. “மருந்து இல்லாத எடத்துல பக்கத்துல இருக்கதுதான் மருந்து” என்று ஒருநாள் சொன்னாள். அவள் வள்ளுவரை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த நான்கு கூறுகளில் ஒன்று கழன்று போனதுபோல் இருந்தது.

அந்த நாட்டின் பொதுமொழி கிரியோ. விடுதலை பெற்ற அடிமைகள் வந்து குடியேறிய ஃப்ரீடவுனில் ஆங்கிலமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவானது. அதில் நலம் விசாரிக்க ‘ஹவ் டி பாடி’ என்பார்கள். உடம்பு எப்படி என்று நேர்ப்பொருள். வழியில் பார்க்கும் அந்நியரிடமும் உடம்பைத்தான் விசாரிக்கும் மொழி. அந்த மாதங்களில் அதே மக்களிடம் உடல் தொடுகையைத் தவிருங்கள் என்று சுவரெங்கும் எழுதி வைத்திருந்தார்கள். கை குலுக்குவது நின்றுபோயிருந்தது. தேவாலயத்திலும் மசூதியிலும் இடைவெளி விட்டு அமர்ந்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டுவது தடுக்கப்பட்டிருந்தது. தொற்று பரவிய வழிகளில் அது முக்கியமானது. அறியாமை என்று அதை எழுதிய பத்திரிகைகள் உண்டு. எங்கள் ஊரில் நீர்மாலைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டாமல் ஓர் உடலை எடுத்துச் செல்ல யார் சம்மதிப்பார்கள்? என் அப்பாவை நான் அப்படி அனுப்பியிருப்பேனா? இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். 2020இல் நாமும் அப்படித்தான் அனுப்பினோம்.

அவள் சொன்னவற்றில் ஒரு குழந்தையைப் பற்றியது மட்டும் எனக்கு மறப்பதில்லை. நான்கு வயதிருக்கும். தாய் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோனாள். முகமற்ற வெள்ளை உருவங்கள் நீட்டும் கோப்பையை அவன் வாங்க மறுத்தான். உள்ளூர்ச் செவிலி ஒருத்தி அவன் பாயருகே மண்டியிட்டு, அவன் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் குடித்தான். அந்தச் செவிலிக்கு நாற்பது வயதிருக்கலாம். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். சீருடையோடு தெருவில் நடப்பதில்லை. உள்ளூர்ப் பணியாளர்களுக்குச் சேரவேண்டிய ஆபத்துப்படி பல இடங்களில் தாமதமாகவே வந்துகொண்டிருந்தது. “எனக்கு ஆறு வாரம் அண்ணே. போறதுக்கு டிக்கெட் கையில இருக்கு. அவளுக்கு இதுதான் ஊரு” என்றாள் தங்கை. தன்னைத் தன்னார்வலர் என்று யாராவது சொன்னால் அவளுக்கு இன்றைக்கும் கூச்சம் வரும்.

அந்தக் குழந்தை பிழைத்தான். குளோரின் கலந்த நீரில் குளிக்கச் செய்து, பழைய துணியையெல்லாம் எரித்துவிட்டு, புதுச் சட்டை போட்டு வெளியே அனுப்பினார்கள். தங்கை முகக்கவசம் இல்லாமல் வெளியே நின்றிருந்தாள். அவன் அவளைத் தாண்டி நடந்து போனான். மூன்று வாரம் தண்ணீர் புகட்டியவளின் முகத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு மேரி பெத் ஹெஃபர்னான் என்ற அமெரிக்கக் கலைஞர், லைபீரியாவில் பணியாளர்களின் சிரித்த முகத்தைப் படமெடுத்து அவர்களுடைய கவச உடையின் மார்பில் ஒட்டினார் என்று படித்தபோது அவளுக்கு அனுப்பி வைத்தேன். “இது அப்போ எங்களுக்குத் தோணலியே” என்று ஒரு வரி பதில் வந்தது.

*

2015 ஜனவரி இறுதியில் இங்கிலாந்து திரும்பினாள். எபோலா உடலுக்குள் மறைந்திருக்கக் கூடிய நீண்ட காலம் 21 நாள். அதுவரை காலையும் மாலையும் உடல்வெப்பம் பார்த்துத் தெரிவிக்க வேண்டும். அவள் போயிருந்த காலத்தில்தான் அதே நாட்டிலிருந்து திரும்பிய ஸ்காட்லாந்துச் செவிலி பாலின் கேஃபர்கிக்கு நோய் கண்டு லண்டனில் உயிருக்குப் போராடினார். கேசி ஹிக்காக்ஸ் என்ற அமெரிக்கச் செவிலி 2014 அக்டோபரில் ஊர் திரும்பியபோது, நோய்க்குறி எதுவும் இல்லாமலேயே நியூ ஜெர்சியில் கூடாரத்தில் அடைத்து வைக்கப்பட்டார். இவற்றையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் படித்தேன். வில் பூலி என்ற ஆங்கிலேயச் செவிலியர், கெனிமாவில் நோய் தொற்றிப் பிழைத்து அதே அக்டோபரில் மறுபடியும் சியரா லியோனுக்கே போனார் என்பதையும் படித்தேன். ஆனால் என் மனம் பற்றிக்கொண்டது முதலிரண்டு செய்திகளைத்தான்.

21 நாள் முடிந்து, மேலும் ஒரு வாரம் கழித்தே ஊருக்கு வந்தாள். நோய்க்குறி இல்லாதவரிடமிருந்து இந்த நோய் பரவாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் மாணவர்களுக்கே விளக்கியிருந்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் வெளியே வந்து “அண்ணே” என்று கையை நீட்டியபோது, அவளுடைய இரண்டு பெட்டிகளையும் நான் இரண்டு கைகளில் வாங்கிக்கொண்டேன். பாசத்தில் வாங்கியதாக அவள் நினைத்திருக்கலாம் என்று நாகர்கோவில் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் மகள் “அத்தே” என்று ஓடி வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. “பாப்பா, அத்தை களைச்சு வந்திருக்கா, அப்புறம் போ” என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரவு உணவின்போது தங்கை தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டபின் தனியாகக் கழுவி, அடுக்களைத் திண்ணையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டிய அவசியம் நேராமல் பார்த்துக்கொண்டாள் என்பது இப்போது புரிகிறது. காலையில் உடல்வெப்பம் பார்ப்பாள். அதற்கான காலம் முடிந்திருந்தது. வெப்பமானியைக் கூடத்து மேசையில், நான் நாளிதழ் படிக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். 36.7. அடுத்த நாள் 36.6. மறதியாக வைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த எண் எனக்காகவே அங்கே வைக்கப்பட்டது என்பது உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஐந்தாம் நாள் இரவு, பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அம்மா திட்டுவாள், அழுவாள் என்று நான் உள்ளே காத்திருந்தேன். சத்தமே இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, முற்றத்தில் முக்காலியைப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, முடியைப் பிரித்து, பிடரி, காதுமடல், தோள், முழங்கை என்று சிறு பிள்ளைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். குளோரின் பட்டுப்பட்டு வெடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். நான் திண்ணையில் நாளிதழோடு இருந்தேன்.

“மூணு மாசம் ஆவப் போவுதும்மா” என்றாள் தங்கை. “ஒருத்தர் கை என் மேல பட்டு.”

அங்கே பணியாளர்களும் ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பது விதி. இங்கிலாந்து திரும்பியும் தன் அறையில் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த மூன்று மாதத்தில் நான் சேர்த்த நாட்களும் இருந்தன. அம்மா பதில் சொல்லவில்லை. “குனி மக்களே” என்று மட்டும் சொல்லி வெந்நீரை ஊற்றினாள்.

நான் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கல்லூரிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன். அன்று மாலை மகள் அத்தையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எழுப்பவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

*

சலோமி கார்வா என்ற லைபீரியப் பெண்ணைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். எபோலாவில் பெற்றோரை இழந்து, தானும் நோயுற்றுப் பிழைத்தவர். பிழைத்தவர்களுக்கு எதிர்ப்பாற்றல் உண்டு என்பதால், மொன்ரோவியாவில் தான் சிகிச்சை பெற்ற மையத்துக்கே திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். 2014ஆம் ஆண்டின் மனிதர்களாக எபோலாவை எதிர்த்தவர்களை ‘டைம்’ இதழ் தேர்ந்தெடுத்தபோது அட்டையில் இடம்பெற்றவர்களில் அவரும் ஒருவர். 2017 பிப்ரவரியில் குழந்தை பெற்று வீடு திரும்பிய சில மணி நேரத்தில் அவருக்கு வலிப்பு கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது, எபோலாவிலிருந்து பிழைத்தவர் என்பதால் ஊழியர்கள் தொடத் தயங்கினார்கள் என்று குடும்பத்தினர் கூறினர். அவர் இறந்துபோனார். அதைப் படித்த அன்று, தொடத் தயங்கியதாகச் சொல்லப்பட்ட அந்த ஊழியர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களை எனக்கு நன்றாகவே தெரியும் என்று தோன்றியது.

2020இல் எனக்குக் கொரோனா கண்டது. மாடியறையில் பதினான்கு நாள் கிடந்தேன். கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் தட்டை வைத்துவிட்டு மனைவி படியிறங்கிப் போன பிறகுதான் நான் கதவைத் திறக்க வேண்டும். என் தட்டு எனக்கென்று தனியாக, ஓரத்தில் கவிழ்க்கப்பட்டிருந்தது. தங்கை இங்கிலாந்தில் கொரோனாப் பிரிவில்தான் இருந்தாள். பணி முடிந்து அவள் வீடு திரும்பும் நேரம் இங்கே நள்ளிரவைத் தாண்டிவிடும். ஒருநாள் தவறாமல் அழைத்தாள்.

“சூடு எவ்வளவு அண்ணே?”

“37.4” என்றேன். அன்றைக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றியும், கூடத்து மேசையில் இருந்த வெப்பமானியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. இருமல் என்று நினைத்து அவள், தண்ணீர் குடி, குடித்துவிட்டுப் பேசு என்றாள். குடித்தேன். அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நான் குடித்து முடிக்கும் வரை மறுமுனையில் இருந்தாள்.